பொய்ப் படமும் மெய்த் தண்டனையும்

கைபேசி இன்று நம் சிற்றூர்களிலும் பரவிவிட்டது. அதனால் விளைந்துள்ள நன்மைகள் பல. ஆயினும் அதே கருவியின் வழியே ஒரு தீங்கும் ஊருக்குள் நுழைந்துள்ளது. திருவிழாவிலோ பள்ளி விழாவிலோ எடுத்த ஒரு பெண்ணின் படத்தைக் கொண்டு, அவள் ஆடையின்றி இருப்பதுபோன்ற படத்தைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் சில நிமிடங்களில் புனைந்துவிடுகின்றனர். முகம் அவளுடையது, உடல் அவளுடையதன்று. இதனையே 'டீப்ஃபேக்' என்பர்.

"படம் பொய்தானே, இதில் குற்றம் என்ன?" என்று சிலர் வினவக்கூடும். படம் பொய்யாயினும் அப்பெண் அடையும் துன்பம் மெய். சட்டமும் அதனைக் குற்றமாகவே கருதுகிறது.

இக்குற்றத்திற்கெனத் தனிச்சட்டம் நம் நாட்டில் இல்லை. எனினும் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குப் பொருந்தும். ஆபாசப் படங்களை மின்னணு வழியே வெளியிடுவோருக்கும் அனுப்புவோருக்கும் 67-ஆம் பிரிவின்படி, முதல் முறை 3 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாலியல் செயலைக் காட்டும் படமாயின், 67-ஏ பிரிவின்படி அவை 5 ஆண்டு, 10 லட்சம் ரூபாய் என உயரும். 18 வயது நிரம்பாதோரைப் பற்றியதாயின், அத்தகைய படத்தை உருவாக்குவதும், தேடிப் பார்ப்பதும், பதிவிறக்குவதுங்கூடக் குற்றமே. ஒருவரின் நற்பெயரைக் கெடுக்க மின்னணுப் பதிவைப் பொய்யாகப் புனைவது, 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-ஆம் பிரிவின்படியும் தண்டனைக்குரியது. ஆகவே, "எனக்கு வந்ததைத்தான் பிறருக்கு அனுப்பினேன்" என்று கூறித் தப்பிவிடலாம் என எவரும் எண்ணலாகாது.

இத்தீங்குக்கு ஆளானோர் செய்யவேண்டுவன சில. மிரட்டுவோருக்குப் பணம் கொடுக்கலாகாது. அச்சத்தால் செய்திகளை அழித்துவிடாமல், அனுப்பியவரின் எண், நாள், நேரம், இணைய முகவரி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். படத்தைப் பிறருக்கு அனுப்பிக் காட்டுதல் கூடாது. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். எல்லையைக் காரணங் காட்டி அதனை மறுத்தல் சட்டப்படி செல்லாது. 1930 என்ற எண்ணிலும், தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் முறையிடலாம். பெண்கள், குழந்தைகள் பற்றிய குற்றங்களைப் பெயர் வெளியிடாமலே அத்தளத்தில் தெரிவிக்க வசதி உண்டு. படத்தை அகற்றுமாறு அதனை வெளியிட்டுள்ள சமூக ஊடக நிறுவனத்திடமும் உடனே முறையிடவேண்டும்.

இவை யாவும் பயன்தர வேண்டுமாயின், பெண் முதலில் வீட்டில் வாய் திறந்து சொல்ல முடியவேண்டும். "நீ ஏன் படம் எடுத்துக்கொண்டாய்?" என்று பெற்றோர் அவளையே கடிந்தால், குற்றவாளிக்கே அது துணையாகும். மகளிர் குழுக்களும் கிராம சபைகளும் இச்செய்தியை வீடுதோறும் கொண்டுசெல்வார்களாக. வெட்கப்பட வேண்டியவர் படத்தைப் புனைந்தவரும் பரப்பியவருமே, அப்பெண் அல்லள்.