ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிரேக் பிடிக்குதா? அம்பாசிடர்காரர்களே, உஷார்!

அம்பாசிடர் கார் உற்பத்தி 2014-ல் நின்று போனது. ஆனாலும் ஆசையாக வைத்து ஓட்டுகிறவர்கள் சென்னையில் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களின் வழக்கமான புலம்பல் இது: "முதல் மிதியில் பெடல் தரையைத் தொடுது. ரெண்டாவது மிதியில்தான் பிடிக்குது!"

"பழகிப் போச்சு" என்று பலர் அப்படியே ஓட்டுகிறார்கள். அங்கேதான் ஆபத்து!

40 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் கார், ஒரே வினாடியில் 11 மீட்டர் ஓடி விடும். இரண்டாவது மிதிக்குள் முன்னால் நிற்கும் பஸ்சின் முதுகு வந்து விடும்.

பழைய மாடல்களில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே லைனில்தான் போகிறது. ஒரு சக்கரத்தில் ஒழுகினாலும் நாலும் போச்சு! மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டுமே.

பெடலே சொல்லும்!

கோளாறு எங்கே என்பதைப் பெடலே காட்டிக் கொடுத்து விடும். காரை நிறுத்தி வைத்துப் பார்க்கலாம்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுப் பெடலை மிதியுங்கள். இப்போது பெடல் உயரமாக நின்றால், பின் சக்கர ஷூ டிரம்மை விட்டு விலகி இருக்கிறது. அட்ஜஸ்ட் செய்ய வேண்டும். லைனிங் தேய்ந்திருந்தால் மாற்றியே ஆகணும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறதா? லைனில் காற்று புகுந்திருக்கிறது. தூரத்தில் உள்ள பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்கி, வரிசையாக ஏர் எடுக்க வேண்டும்.

அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறதா? எங்கேயோ ஆயில் ஒழுகுகிறது. இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் பக்கெட் தேய்ந்து விட்டது. வண்டியை எடுக்கவே கூடாது!

டிரம்மைக் கழற்றி, வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கினால் ஒழுகல் தெரியும். உள்ளே துருவோ, கீறலோ இருந்தால் ரப்பரை மட்டும் மாற்றிப் பயனில்லை. சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

பழைய லைனிங்கில் கல்நார் இருக்கலாம். டிரம்மில் உள்ள தூசியை வாயால் ஊதாதீர்கள்!

எந்த ஆயில்?

"எல்லாம் ஆயில்தானே" என்று என்ஜின் ஆயிலை ஊற்றினால் தீர்ந்தது கதை! ரப்பர் எல்லாம் ஊதிப் போகும். 'டாட் 3' அல்லது 'டாட் 4' பிரேக் ஆயில்தான் ஊற்ற வேண்டும். அதுவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கெட்டுப் போகும். 2 வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

புதுப்பேட்டையில் பழைய சாமான் மலிவாகக் கிடைக்கும். கதவு வாங்குங்கள், விளக்கு வாங்குங்கள். பிரேக் ரப்பர் மட்டும் புதுசாகவே இருக்கட்டும்!