தக்காளியை வினாகிரியில் ஊறவைத்தல்

கல்முனைக்கு மேற்கே, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்வோர் காணும் வயற்புறக் கிராமங்களுள் சொறிக்கல்முனையும் ஒன்று. திருச்சிலுவைத் திருத்தலத்தால் பெயர்பெற்ற இவ்வூரிலும் அயலிலும் நெல்லே முதற்பயிர். எனினும் வீட்டுத்தோட்டங்களில் கத்தரி, கொச்சி, தக்காளி ஆகியன தவறாது இடம்பெறுகின்றன.

தக்காளிச் செய்கையில் கமக்காரர் படும் இடர் நன்கு அறியப்பட்டதே. ஒரே காலத்தில் நடப்பட்ட பயிர் ஒரே காலத்தில் காய்க்கின்றது. எல்லோரும் ஒருங்கே பறித்துச் சந்தைக்குக் கொண்டு சென்றால் விலை வீழ்கின்றது. பழுத்த தக்காளியோ சில நாட்களுக்கு மேல் காத்திராது. பின்னர் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாக மாறுகின்றது. வெள்ளம் தாம்போதியை மேவிப் பாயும் நாட்களில் கல்முனைச் சந்தைக்குச் செல்லும் வழி தடைப்படுகின்றது. தக்காளி கிடைப்பதும் அரிதாகின்றது. கோடையில் வீணாகும் பழத்தை மாரிக்கு வைத்திருக்க வழியுண்டாயின், அது குடும்பத்துக்கு இரட்டிப்பு இலாபமன்றோ?

அச்சாறு இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. கல்முனை, மருதமுனை, சம்மாந்துறை ஆகிய ஊர்களின் முஸ்லிம் இல்லங்களில் விருந்துச் சோற்றுடன் வினாகிரியில் ஊறிய அச்சாறு பரிமாறப்படுதல் வழக்கம். அதே முறையைத் தக்காளிக்கும் கையாளலாம்.

புளிப்பே காவல்

உணவைக் கெடுப்பன கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். இவற்றுள் மிகக் கொடியது குளோஸ்ரிடியம் பொட்டுலினம் எனும் பற்றீரியாவாகும். மண்ணில் வாழும் இதன் வித்திகள் கொதிநீரிலும் மடிவதில்லை. காற்றுப் புகாத போத்தலினுள் அவை முளைத்து நரம்புகளைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். அந்நஞ்சுக்கு மணமுமில்லை, சுவையுமில்லை.

1895 ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் எல்லெசெல் என்னும் ஊரில், மரணச் சடங்கொன்றில் வாசித்த இசைக்குழுவினர் உப்பிலிட்ட பன்றியிறைச்சியை உண்டு நோயுற்றனர், மூவர் மாண்டனர். அதனை ஆராய்ந்த எமில் வான் எர்மெங்கம் என்னும் அறிஞர் இப்பற்றீரியாவைக் கண்டறிந்து 1897 இல் வெளியிட்டார். உப்பு மாத்திரம் போதிய காவலாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சியே சான்று.

எனினும் இப்பற்றீரியாவுக்கு ஒரு பகையுண்டு, அது புளிப்பு. உணவின் பீஎச் பெறுமானம் 4.6 இற்குக் குறைவாயின் அதன் வித்திகள் முளைப்பதில்லை. தக்காளி புளிப்புள்ள பழமேயாயினும் அதன் பெறுமானம் இவ்வெல்லையை ஒட்டியே நிற்கின்றது. பழம் மிகக் கனியுங்கால் புளிப்புக் குறைந்து எல்லையைக் கடத்தலும் கூடும். ஆகையாற்றான் வினாகிரி சேர்த்தல் இன்றியமையாததாகின்றது.

வேண்டிய பொருள்கள்

அரைப்பழமான உறுதியான தக்காளி 1 கிலோகிராம். 5 சதவீத அசற்றிக் அமிலமுள்ள வினாகிரி 500 மில்லிலீற்றர். நீர் 250 மில்லிலீற்றர். உப்பு 2 மேசைக்கரண்டி. சீனி 2 மேசைக்கரண்டி. உள்ளி 6 பல்லு. பச்சைக் கொச்சிக்காய் 6. கடுகு, மிளகு வகைக்கு 1 தேக்கரண்டி. இஞ்சி ஒரு சிறு துண்டு.

வினாகிரிப் போத்தலின் சீட்டில் அமிலத்தின் அளவைப் பார்த்து வாங்குதல் நன்று. 4 சதவீதமாயின் நீர் கலவாது 750 மில்லிலீற்றரும் வினாகிரியாகவே சேர்த்தல் வேண்டும். வீட்டில் கள்ளைப் புளிக்கவைத்துப் பெற்ற வினாகிரியின் வலிமை அறியப்படாததாகையால், நெடுநாள் வைத்திருப்பதற்கு அது ஏற்றதன்று. அன்றாட அச்சாற்றுக்கு மாத்திரம் உதவும்.

செய்முறை

1. வெடித்த, புழுக்குத்திய, அழுகத் தொடங்கிய பழங்களை நீக்குக. எஞ்சியவற்றைக் கழுவி, காம்பை அகற்றி, நான்காக வெட்டுக.

2. கண்ணாடிப் போத்தல்களைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, 10 நிமிடம் நீரில் கொதிக்கவைத்து எடுக்க. மூடிகள் துருவற்றனவாய் இறுக மூடத்தக்கனவாய் இருத்தல் வேண்டும்.

3. வினாகிரி, நீர், உப்பு, சீனி ஆகியவற்றைத் துருப்பிடிக்காத உருக்குப் பாத்திரத்தில் இட்டுக் கொதிக்கவைக்க. செம்பு, பித்தளை, அலுமினியப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்குமாதலால் அவற்றைத் தவிர்க்க.

4. அரை லீற்றர்ப் போத்தல்களில் சரக்குகளையும் தக்காளியையும் நிரப்பி, கொதிக்கும் வினாகிரியை ஊற்றுக. தக்காளி முழுதும் அமிழ வேண்டும். மேலே அரை அங்குல வெளி விடுக. சுத்தமான கத்தியால் காற்றுக் குமிழிகளை நீக்கி, வாயைத் துடைத்து மூடுக.

5. பெரிய பானையின் அடியில் மடித்த துணியைப் பரப்பிப் போத்தல்களை நிறுத்துக. மூடிக்கு மேல் ஓரங்குலம் நிற்கும்படி வெந்நீர் ஊற்றி, கொதிக்கத் தொடங்கியது முதல் 15 நிமிடம் வைத்திருக்க. பின் எடுத்து, காற்றுப்படாத இடத்தில் ஆறவிடுக.

மூன்று வாரங்களில் சுவை நன்கு ஊறிவிடும். வெயில் படாத குளிர்ந்த இடத்தில் வைத்தால் ஓராண்டுக்குள் பயன்படுத்தலாம். திறந்த போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும். அவ்வசதி இல்லாதோர் ஓரிரு வேளைக்குப் போதுமான சிறு போத்தல்களையே நிரப்புதல் நலம்.

எச்சரிக்கை

புளிப்பு மிகுகின்றதென்று வினாகிரியைக் குறைத்தல் ஆகாது. சீனியைச் சற்றுக் கூட்டலாம். உள்ளியையும் கொச்சிக்காயையும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இடலாகாது. அவற்றில் புளிப்பு மிகக் குறைவு. போத்தலினுள் எண்ணெய் ஊற்றுதலும் தகாது. தாளிதம் விரும்புவோர் பரிமாறும்போது சேர்த்துக் கொள்ளலாம். மூடி உப்பியிருப்பினும், திறக்கும்போது நுரைத்துச் சீறினும், பூஞ்சணம் படர்ந்திருப்பினும், சுவைத்துப் பாராமலே எறிந்துவிடுதல் வேண்டும்.

ஒரு கிலோகிராம் தக்காளி மூன்று போத்தல்களை நிரப்பும். சந்தையில் விலைபோகாத ஒரு கூடை பழம் இவ்வாறு மாரிகாலத்துக் கறியாகின்றது. முதன்முறை செய்வோர் ஒரு கிலோகிராமுடன் தொடங்கிக் கைப்பழக்கம் பெற்றபின் அளவைக் கூட்டுவது சிறந்தது.