கணக்கு வந்தது, கடன் வரவில்லை

மேடவாக்கம் கூட்டுச்சாலைப் பகுதியில் வங்கிக் கிளைகளுக்குக் குறைவில்லை. அங்கிருந்து சிறிது தொலைவில் பெரும்பாக்கம். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் அங்குள்ள அரசு அடுக்ககங்களில் குடியமர்த்தப்பட்டுள்ளன. அவர்களில் கணிசமானோர் தலித் மக்கள். அவர்களிடம் வங்கிக் கணக்கு உண்டு. கடன் என்றால் மட்டும் கந்துவட்டிக்காரரையோ நுண்கடன் நிறுவனத்தையோ நாட வேண்டியிருக்கிறது. இந்த இடைவெளிக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1906-இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் திவாலானது. அதன் விளைவாக 1907-இல் இந்தியன் வங்கி தோன்றியது. 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. முதலீடு வசதி படைத்தோருடையது. கடனும் அவர்களுக்கு அறிமுகமானவர்களையே சென்றடைந்தது. ரிசர்வ் வங்கியை நிறுவியவரே அம்பேத்கர் என்று மேடைகளில் கூறுவது மிகை. எனினும் 1923-இல் வெளிவந்த ரூபாய் குறித்த அவரது நூலும், 1925-இல் ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் அளித்த சாட்சியமும் நாணய விவாதத்தில் இடம்பெற்றவை. ரூபாயின் மதிப்பு வீழ்ந்தால் ஆதாயம் தொழில் நடத்துவோருக்கு, நட்டம் கூலி வாங்குவோருக்கு என்பது அவரது வாதம்.

1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் நாட்டுடைமையாயின; மேற்சொன்ன இரண்டும் அவற்றுள் அடங்கும். கடனில் 40 விழுக்காடு முன்னுரிமைத் துறைகளுக்குச் செல்ல வேண்டும் என்ற விதி பின்னர் உருவானது. அதற்குள் நலிந்த பிரிவினருக்கு இன்று 12 விழுக்காடு. ஓட்டை இங்கேதான் இருக்கிறது. நலிந்த பிரிவினர் பட்டியலில் சிறு விவசாயிகள், கைவினைஞர்கள், சுயஉதவிக் குழுக்கள் எனப் பலர் உண்டு. பட்டியல் சாதியினருக்கெனத் தனி ஒதுக்கீடு அதற்குள் இல்லை. ஒரு தலித்துக்கும் கடன் தராமலேயே ஒரு கிளை தன் இலக்கை எட்டிவிட இயலும்.

2014-இல் வந்த ஜன் தன் திட்டம் கணக்குகளைப் பெருக்கியது. கல்வி உதவித்தொகையும் நூறு நாள் வேலைக் கூலியும் அதன்வழி வருகின்றன, அது பயனே. ஆனால் கடனுக்குப் பிணை கேட்கப்படுகிறது, பிணை என்றால் நிலம். 1892-க்குப் பின் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவில் கைமாறிவிட்டன. அடுக்ககவாசியிடம் இருப்பதோ ஒதுக்கீட்டு ஆணை மட்டுமே. விற்பனைப் பத்திரம் கைக்கு வராமல் அதை அடமானம் வைக்க முடியாது. 2016-இல் தொடங்கிய ஸ்டாண்ட் அப் இந்தியா திட்டம் ஒரு கிளைக்குக் குறைந்தது ஒரு பட்டியல் சாதி அல்லது பழங்குடித் தொழில்முனைவோர் என்றது. எதிர்பார்ப்பே அவ்வளவுதான்.

ஆயினும் பயன்படுத்தத்தக்க விதிகள் உள்ளன. 4 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. ஆதாரில் பழைய முகவரி இருந்தால், தற்போதைய முகவரிக்குச் சுய உறுதிமொழி போதும். எல்லாவற்றினும் முக்கியமானது, மாணவர்கள் பலர் அறியாதது: பட்டியல் சாதி, பழங்குடியினரின் கடன் விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் தாமாக நிராகரிக்கக் கூடாது, அடுத்த மேல்நிலை அலுவலரே அதைச் செய்ய வேண்டும், காரணத்தையும் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். எனவே வாய்மொழி மறுப்பை ஏற்காமல் விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெறுங்கள். புகார் அளித்து 30 நாட்களில் பதில் இல்லையெனில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தருவது வங்கியின் வணிகத் தீர்மானம் என்று அவர் விலகிக்கொள்ளக்கூடும். ஆகவே புகாரில் மீறப்பட்ட விதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.