மார்கழிப் பனியும் கெண்டைக்கால் வலியும்

மார்கழி மாதம். பொழுது இன்னும் புலரவில்லை. நீடாமங்கலத்திற்கு அருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரியும் தண்ணீரின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. ஆற்றங்கரைப் பாதையில், மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மாணவன் ஓடி வருகிறான். மாவட்டப் போட்டியில் 1500 மீட்டர் ஓட வேண்டும் என்பது அவன் ஆசை. நாளை காவலர் தேர்வுக்குப் போனாலும் அதே 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடிக் காட்ட வேண்டும்.

ஆனால் இரண்டு வாரமாக அவனுக்கு ஒரு தொல்லை. ஓடத் தொடங்கியதும் வலது கெண்டைக்கால் 'சுருக்' என்கிறது. ஒரு கிலோ மீட்டர் ஓடியபின் வலி மறைந்துவிடுகிறது. மறுநாள் காலை பாயிலிருந்து எழுந்து நான்கு எட்டு வைத்தால் மீண்டும் பிடித்துக் கொள்கிறது.

மாணவ நண்பர்களே, அந்த மாணவன் நீங்களாகவும் இருக்கலாம். ஓடலாமா? நிறுத்திவிட வேண்டுமா? ஓடினால் வலி மறைகிறதே, அது நல்ல அறிகுறிதானே? இந்தக் கேள்விகளுக்கு விடை காண, முதலில் கெண்டைக்காலுக்குள் சற்று நுழைந்து பார்ப்போம்.

ஒன்றல்ல, இரண்டு

கெண்டை மீனைப் போலத் திரண்டிருப்பதால் நம் முன்னோர் அதைக் கெண்டைக்கால் என்றார்கள். வெளியில் தெரியும் அந்தத் திரட்சியின் பெயர் காஸ்ட்ராக்னீமியஸ். 'காலின் வயிறு' என்பது இந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். இதற்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், தட்டையாகப் படர்ந்திருக்கிறது இன்னொரு தசை. அதன் பெயர் சோலியஸ். இரண்டும் கீழே ஒன்று சேர்ந்து, அக்கிலிஸ் நாண் என்னும் தடித்த கயிறாகி, குதிகால் எலும்பைப் பிடித்துக் கொள்கின்றன.

இவற்றுக்குள் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. காஸ்ட்ராக்னீமியஸ் முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. சோலியஸ் முழங்காலுக்குக் கீழே தொடங்குகிறது. ஆகவே முழங்காலை மடக்கினால் மேல்தசை தளர்ந்துவிடும். வேலை பெரும்பாலும் சோலியஸின் தலையில் விழும். இந்தச் செய்தியை நினைவில் வையுங்கள். பின்னால் பயன்படும்.

ஓர் எட்டில் எத்தனை மூட்டை?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். உங்கள் எட்டு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று கொண்டால், ஒரு கிலோ மீட்டருக்கு 1000 எட்டுகள். ஒரு காலுக்கு 500. ஐந்து கிலோ மீட்டர் ஓடினால் ஒரு கால் 2500 முறை தரையை உதைக்கிறது. ஒவ்வோர் உதையிலும் அக்கிலிஸ் நாணை இழுக்கும் விசை, உங்கள் உடல் எடையைப் போல ஐந்து மடங்குக்கும் மேல் இருக்கும். உங்கள் எடை 50 கிலோ என்றால் 250 கிலோ. கொள்முதல் நிலையத்தில் அடுக்கியிருக்கும் 40 கிலோ நெல் மூட்டைகளில் ஆறு மூட்டைக்கு மேல்! அதுவும் 2500 முறை!

இவ்வளவு வேலையையும் தசை மட்டுமே செய்வதில்லை. நாண் ஒரு சுருள்வில்லைப் போல இழுபட்டு மீள்கிறது. ஓடும்போது ஒவ்வோர் எட்டிலும் கைமாறும் ஆற்றலில் சுமார் 35 சதவீதத்தை அக்கிலிஸ் நாணும், 17 சதவீதத்தைப் பாதத்தின் வளைவும் சேமித்துத் திருப்பித் தருகின்றன என்று 1987-இல் மக்நீல் அலெக்சாண்டர் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டார்கள்.

பனியும் களிமண்ணும்

இப்போது மார்கழிக்கு வருவோம். நம் டெல்டாவில் இந்த மாதங்களில் வெப்பநிலை விடியற்காலையில் 20 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். கனடாவில் உறைபனி மேல் ஓடுபவர்களுக்கு இது வெயில் காலம்தான். என்றாலும் இரவெல்லாம் அசையாது கிடந்த காலின் தசை, உடலின் உள்வெப்பத்தைவிடச் சில டிகிரி குளிர்ந்தே இருக்கும். குளிர்ந்த தசை மெதுவாகச் சுருங்கும், எளிதில் நீளாது.

தசை வேலை செய்யும்போது, எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் இயக்கமாகிறது. மீதி வெப்பமாக வெளிப்படுகிறது. தசை வெப்பத்தை நுட்பமாக அளந்த ஏ. வி. ஹில் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றார். ஒரு கிலோ மீட்டர் ஓடியதும் வலி மறைவதன் இரகசியம் இதில்தான் இருக்கிறது. தசை சூடாகிறது, இரத்த ஓட்டம் பெருகுகிறது, வலியுணர்வு மங்குகிறது. காயம் அங்கேயேதான் இருக்கிறது! வலி மறைவதைக் குணம் என்று எண்ணி வேகத்தைக் கூட்டுபவர்களே பெரும்பாலும் அகப்பட்டுக் கொள்கிறார்கள்.

அடுத்தது தரை. சம்பா வயலின் வரப்பும் ஆற்றங்கரையும் வண்டல் களிமண்ணால் ஆனவை. களிமண்ணின் துகள்கள் தட்டுத் தட்டானவை. ஒரு மில்லி மீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கைவிடச் சிறியவை. அவற்றின் இடையே நீர் புகுந்தால், ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். நீங்கள் உதைக்கும் ஆற்றலைக் கெட்டித் தரை திருப்பித் தரும், சேறு விழுங்கிவிடும். நாண் மிச்சப்படுத்திய ஆற்றலெல்லாம் வீணாகி, அந்தப் பற்றாக்குறையைத் தசை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைப் போல 1.6 மடங்கு ஆற்றல் தேவை என்று 1998-இல் அளந்திருக்கிறார்கள். போதாததற்கு, சேற்றில் குதிகால் அமிழும்போது கெண்டைத் தசை வழக்கத்தைவிட அதிகம் இழுபடுகிறது. சுருங்க முயலும் தசை அதே நேரத்தில் இழுபடுவதுதான் அதற்கு மிகக் கடினமான நிலை. இழைகள் அறுபடுவது பெரும்பாலும் அப்போதுதான்.

காயம் ஆறும் கதை

தசையிழை அறுந்தால் முதல் சில நாட்கள் வீக்கமும் வலியும் இருக்கும். சிதைந்த பகுதிகளை வெள்ளணுக்கள் அப்புறப்படுத்துகின்றன. பிறகு, இழைகளின் ஓரத்தில் உறங்கிக் கிடக்கும் துணைச் செல்கள் விழித்தெழுந்து, பெருகி, புதிய இழைகளை உண்டாக்குகின்றன. இச்செல்களை 1961-இல் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் மௌரோ. கூடவே கொல்லாஜன் என்னும் புரதம் தழும்பாகப் படிந்து காயத்தை ஒட்டுகிறது.

இந்தத் தழும்பு நாற்றங்காலில் முளைத்த பயிரைப் போன்றது. பச்சை தெரிகிறதே என்று அன்றே பிடுங்கி நட முடியுமா? அதுபோல வலி குறைந்த அன்றே முழு வேகத்தில் ஓடினால், ஒட்டிய இடம் மீண்டும் கிழியும். அதற்காகப் பல மாதம் அசையாமலும் இருக்கக் கூடாது. அளவான இழுவை இருந்தால்தான் புதிய இழைகள் வரிசையாக, வலுவாக அமையும்.

காயம் பட்டதும் ஓய்வு, பனிக்கட்டி, அழுத்தக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நான்கு விதிகளை 1978-இல் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று 2014-இல் அவரே தம் கருத்தைத் திருத்திக் கொண்டார். புதிய சான்று வந்தால் சொன்னதை மாற்றிக் கொள்வதுதான் விஞ்ஞானம்.

நம் ஊர் வழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அடிபட்ட உடனே 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று அழுத்தி நீவி விடுவார்கள். அறுந்த இழைகளிலிருந்து இரத்தம் கசியும் முதல் சில நாட்களில் அது கேடு செய்யும்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

சுவரைத் தொட்டுக் கொண்டு, முழங்காலை மடக்காமல், ஒற்றைக் காலில் நின்று குதிகாலை மெதுவாக உயர்த்தி இறக்குங்கள். எத்தனை முறை முடிகிறது என்று எண்ணுங்கள். பிறகு முழங்காலைச் சற்று மடக்கியபடி அதையே செய்யுங்கள். இரு கால்களுக்கும் தனித்தனியே எண்ணிக் குறித்துக் கொள்ளுங்கள்.

நீட்டிய நிலையில் வலித்தால் காயம் மேல்தசையில் இருக்கலாம். மடக்கிய நிலையில் அதிகம் வலித்தால் சோலியஸில் இருக்கலாம். நெடுந்தூரம் ஓடுபவர்களை வாரக் கணக்கில் நச்சரிப்பது பெரும்பாலும் சோலியஸ்தான். நல்ல கால் 25 முறை உயர்ந்து, மற்றது 12-இல் நின்றுவிட்டால், அந்தக் கால் இன்னும் ஓட்டத்திற்குத் தயாராகவில்லை. வலி கூடினால் சோதனையை உடனே நிறுத்திவிடுங்கள்.

மீண்டும் ஓட்டம்

அரை மணி நேரம் வேகமாக நடந்தும் வலிக்கவில்லையா? இரு கால்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழச் சமமா? அந்தக் காலால் நொண்டி அடித்தாலும் வலி இல்லையா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் தொடங்கலாம்.

முதலில் பத்து நிமிட நடை. பிறகு ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று எட்டு முறை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். பள்ளி மைதானம் போன்ற கெட்டியான சமதரையில் ஓடுங்கள். வரப்பும் ஈரக் கரையும் வேக ஓட்டமும் கடைசியில்தான். குதிகால் உயர்த்தும் பயிற்சியையும் விடாது செய்யுங்கள். மறுநாள் காலை வலி கூடியிருந்தால், நேற்றைய அளவு மிகுதி என்று பொருள். ஒரு படி கீழே இறங்குங்கள். வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடாதீர்கள். அது மணியின் நாக்கைக் கட்டிவிட்டு 'மணி அடிக்கவில்லை' என்பதற்குச் சமம்.

எல்லா வலியும் ஓட்டத்தால் வந்ததல்ல

மழைக்காலத்தில் வயல் சேற்றில் இறங்கியவருக்குக் காய்ச்சலோடு இரு கெண்டைக்கால்களும் கடுமையாக வலித்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கக்கூடும். எலியின் சிறுநீர் கலந்த நீரிலுள்ள கிருமி, காலிலுள்ள வெடிப்பு வழியே உடலுக்குள் புகும். தொடக்கத்திலேயே கண்டால் மருந்து உண்டு. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. காரணமின்றி ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், 'படார்' என்ற ஓசையோடு வலித்து நடக்க முடியாமற் போனாலும், உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

சீன ஓட்டக்காரர் லியு சியாங் 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை ஓட்டத்தில் தங்கம் வென்றவர். 2008-இல் தம் சொந்த நாட்டில் நடந்த ஒலிம்பிக்கில், அக்கிலிஸ் நாணின் வலியால் ஓடாமலேயே வெளியேறினார். 2012-இல் முதல் தடையிலேயே விழுந்தார். அந்த நாண் அறுந்திருந்தது. உலகத்தின் சிறந்த மருத்துவர்கள் உடனிருந்தவருக்கே இந்த நிலை.

மாவட்டப் போட்டி அடுத்த ஆண்டும் வரும். உங்கள் கால் அதுவரை உங்களோடு வர வேண்டும். நாளை விடியலில் காலணியை மாட்டுவதற்கு முன், சுவரைத் தொட்டுக் கொண்டு நின்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று...