கைதட்ட ஆள் உண்டு. வீடு தர ஆள் இல்லை!

கோவில் திருவிழா. ராத்திரி பத்து மணி. நையாண்டி மேளம் காதைப் பிளக்கிறது. தலையில் கரகத்தோடு திருநங்கை ஒருவர் சுழன்று சுழன்று ஆடுகிறார். கூட்டத்தில் விசில் பறக்கிறது. ஒருவர் ரூபாய் நோட்டைக் குத்துகிறார்.

பொழுது விடிந்ததும் அதே ஆட்டக்காரர் வாடகைக்கு வீடு கேட்டுத் தெருத் தெருவாக அலைகிறார். "வீடு காலி இல்லீங்க" என்று கதவைச் சாத்துகிறார்கள். வாசலில் 'டு-லெட்' போர்டு தொங்கிக் கொண்டேதான் இருக்கிறது!

ஆடிப் பிழைக்கும் திருநங்கைகள் பலருக்கும் இதுதான் கதை.

வேஷம் அல்ல

அந்தக் கால நாடகக் கம்பெனிகளில் ஆண்களே ஸ்திரீபார்ட் போட்டார்கள். நாடகம் முடிந்ததும் சேலையைக் களைந்து வேட்டியைக் கட்டிக் கொண்டு போய் விட்டார்கள். அது வேஷம். அதோடு போச்சு!

திருநங்கைக்கு அப்படி இல்லை. அரிதாரத்தைக் கழுவினாலும் அவர் பெண்தான். சிக்கலே அங்கேதான். மேடையில் ரசித்த அதே நடையை, மறுநாள் பஸ்சில் பார்த்தால் கேலி செய்கிறார்கள்.

சீசன் போனால்...

திருவிழாக் காலத்தில் அட்வான்ஸ் வரும். சீசன் போனால் அடுப்பு எரியாது. வேறு வேலை கேட்டால், "உனக்குத்தான் ஆடத் தெரியுமே, போய் ஆடேன்" என்று விரட்டுகிறார்கள்.

அப்புறம் கடை கடையாகக் கை நீட்ட வேண்டியதுதான். கடைக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால், கல்லாவிலோ கணக்கு எழுதவோ அவர்களுக்கு வேலை கொடுக்க எத்தனை கடைக்காரர்கள் தயார்?

குரு வைத்த பெயர்

இப்படி இருந்தும் ஜெயித்துக் காட்டியவர் உண்டு. அவர் மதுரையில் பிறந்த நர்த்தகி நடராஜ். தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் போய்ப் பரத நாட்டியம் கற்றார். 'நர்த்தகி' என்று பெயர் வைத்தவரே அந்தக் குருதான். தொழிலும் கிடைத்தது, பெண் என்ற அடையாளமும் கிடைத்தது!

2011-ம் ஆண்டுக்கான சங்கீத நாடக அகாடமி விருதைப் பெற்றார். 2019-ல் பத்மஸ்ரீ பட்டம் தேடி வந்தது. 2021-ல் தமிழக அரசின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவில் உறுப்பினர் ஆனார்.

ஆனால் எல்லோருக்கும் ஒரு கிட்டப்பா பிள்ளை கிடைப்பாரா?

சட்டம் சொல்வது என்ன?

திருநங்கைகளுக்காகத் தமிழக அரசு 2008-ல் நல வாரியம் அமைத்தது. ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்பதை அவரவரே முடிவு செய்யலாம் என்று 2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு அளித்தது.

2019-ல் வந்த மத்திய அரசின் சட்டம் இன்னும் ஒருபடி மேலே போனது. திருநங்கை என்ற காரணத்துக்காக வாடகை வீடு மறுக்கக் கூடாது. வேலையும் மறுக்கக் கூடாது.

சட்டம் வந்து விட்டது. 'டு-லெட்' போர்டும் தொங்குகிறது. கதவு திறக்க வேண்டியதுதான் பாக்கி!