தூசியளவு மாதிரிக்கும் போதும் இந்த ஒளி

மூலக்கூறுக்குள் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. அவற்றின் பிணைப்புகள் நீண்டும் சுருங்கியும் வளைந்தும் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், ஒவ்வொரு பிணைப்பும் தன் அதிர்வுக்குப் பொருந்தும் அலைநீளத்தை மட்டும் விழுங்கும். வெளியே வரும் ஒளியில் எது குறைகிறது என்று பார்த்தால், உள்ளே இருப்பது எண்ணெயா, புரதமா, கோந்தா என்று சொல்லிவிடலாம். மருந்து ஆலை முதல் தடய அறிவியல் கூடம் வரை இதற்கான கருவி உண்டு.

மாதிரி சிறுத்துப்போனால்தான் சிக்கல். அந்தக் கருவிகளில் ஒளி தருவது, சூடேறிக் கனலும் சிலிக்கான் கார்பைடு தண்டு. அது நாலாபுறமும் ஒளியை இறைக்கும். 10 மைக்ரான் புள்ளியில் விழுவது சொற்பம். (தலைமுடியின் தடிமனே 70 மைக்ரான் அளவில் இருக்கும்.) இதற்குத் தீர்வு சிங்க்ரோட்ரான் என்ற துகள் முடுக்கி. அதில் ஏறக்குறைய ஒளிவேகத்தில் ஓடும் எலெக்ட்ரான்களைக் காந்தங்கள் வளைக்கின்றன, வளையும்போது அவை மெல்லிய கற்றையாக ஒளியை உமிழ்கின்றன. மழையில் சீசாவை வைத்து நிரப்புவதற்கும் குழாயடியில் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒளியின் மொத்த அளவு பெரிதாகக் கூடுவதில்லை. சிறு புள்ளியில் குவிவதால் பிரகாசம் 100 முதல் 1000 மடங்கு கூடுகிறது.

ஆப்கானிஸ்தானின் பாமியானை எடுத்துக்கொள்வோம். 2001இல் தகர்க்கப்பட்ட புத்தர் சிலைகளுக்குப் பின்னுள்ள குகைகளில் பழைய சுவரோவியங்கள் இருக்கின்றன. அவற்றின் நுண்ணிய சில்லுகளைப் பிரான்சின் கிரெனோபிளில் உள்ள ஐரோப்பிய சிங்க்ரோட்ரானில் ஆராய்ந்தார்கள். சில்லுக்குள் அடுக்கடுக்காகப் பூச்சு. ஒவ்வோர் அடுக்கும் சில மைக்ரான் முதல் சில பத்து மைக்ரான் வரைதான். மொத்தமாக அரைத்துச் சோதித்தால் எல்லாம் கலந்துவிடும். இங்கே அடுக்கு அடுக்காகவே படிக்க முடிந்தது: ஒன்றில் புரதம், ஒன்றில் பிசின், ஒன்றில் எண்ணெய். இந்த ஆய்வு 2008இல் வெளியானது. 50 குகைகளில் 12இல் எண்ணெய் வண்ணம் இருந்தது. ஏழாம் நூற்றாண்டை ஒட்டிய வேலை. ஐரோப்பாவில் எண்ணெய் ஓவியம் பரவுவதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது. இதற்கு எக்ஸ்-கதிர் ஆய்வும் துணை நின்றது.

அல்சைமர் நோயாளிகளின் மூளைத் திசுவில், தவறாக மடிந்த புரதம் திரண்டிருக்கும் இடங்களையும் இதே அகச்சிவப்பு முறை காட்டிக்கொடுத்தது. வைல்ட்-2 வால்நட்சத்திரத்திலிருந்து ஸ்டார்டஸ்ட் விண்கலம் 2006இல் கொண்டுவந்த துகள்களில் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் தெரிந்தன. அகச்சிவப்பு ஒளியின் ஆற்றல் குறைவு. மாதிரியை அது கெடுக்காது. வேறொன்று கிடைக்கவே கிடைக்காது என்ற நிலையிலுள்ள மாதிரிகளுக்கு இது பெரிய விஷயம்.

குறைகளும் உண்டு. அகச்சிவப்பின் அலைநீளமே பல மைக்ரான் என்பதால், வழக்கமான முறையில் 3 முதல் 10 மைக்ரானுக்குக் கீழே தெளிவு கிடைக்காது. தண்ணீரும் இந்த ஒளியை ஏராளமாக உறிஞ்சும். உயிருள்ள செல்லை ஆராய, நீரை மிக மெல்லிய படலமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கைநிறைய மாதிரி இருப்பவர்களுக்கு இதெல்லாம் தேவையில்லை. கல்லூரி ஆய்வகக் கருவியே தாராளம். பல அடுக்குகள் கொண்ட ஒரே ஒரு சில்லுதான் கையில் உண்டு என்றால், ஆய்வுத் திட்டத்தை எழுதி சிங்க்ரோட்ரான் மையத்துக்கு விண்ணப்பியுங்கள். முடிவுகளை வெளியிடுவதாக இருந்தால், பெரும்பாலான பொது மையங்கள் கட்டணம் வாங்குவதில்லை.