பழைய சரக்குக்கும் ஒரு விலை உண்டு

தேங்கிய சரக்கை என்ன செய்வது? மளிகை வியாபாரத்தில் நம் எல்லோருக்கும் உள்ள இந்தக் கவலைக்கு, நமக்குச் சம்பந்தமில்லாத ஒரு சரக்கு நல்ல பாடம் சொல்கிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப்பூதான் அது.

ஜெர்மனியின் ஹாலர்டவ், அமெரிக்காவின் யாக்கிமா ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். ஆண்டுக்கு ஒரே அறுவடை. ஆகஸ்டு, செப்டம்பரில் பறித்து, உலர்த்தி, பொதி கட்டுகிறார்கள். வருடம் முழுவதும் இருப்பிலிருந்துதான் விற்றாக வேண்டும். வெப்பம், வெளிச்சம், காற்று மூன்றும் இதற்குப் பகை. காற்றுப் புகாமல் அடைத்து ஃபிரீசரில் வைத்தால் சில ஆண்டுகள் தாங்கும். பிரித்து வெளியே போட்டால் வீரியம் சீக்கிரம் இறங்கிவிடும். குண்டூர் மிளகாயைக் குளிர்பதனக் கிடங்கில் வைப்பதும் இப்படி நிறமும் தரமும் போகாமல் இருக்கத்தான்.

அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் காய்ச்ச 1978-ஆம் ஆண்டின் மத்திய சட்டம் வழிவிட்டது. (நம் மாநிலத்தில் அது குற்றம்.) அங்கே காய்ச்சுவோர் ஃபிரீசரில் கிடந்த பழைய ஹாப்ஸைக் கண்ணை மூடிக்கொண்டு எறிவதில்லை. பொட்டலத்தில் அறுவடை ஆண்டும், கசப்புச் சத்தான ஆல்ஃபா அமிலத்தின் சதவீதமும் அச்சிடப்பட்டிருக்கும். 10 சதவீதம் இருந்தது 8 ஆகியிருக்கும் என்று கணித்தால், 40 கிராமுக்குப் பதில் 50 கிராம் போடுகிறார்கள். ஆனால் போன மணம், அளவைக் கூட்டினாலும் திரும்பாது. ஆகவே பழையதைக் கொதியின் தொடக்கத்தில் கசப்புக்கும், புதியதைக் கடைசியில் மணத்துக்கும் சேர்க்கிறார்கள். பாலாடைக்கட்டி போல வீச்சம் அடித்தால் மட்டும் குப்பைக்கு. பெல்ஜியத்தின் லாம்பிக் பீருக்கோ, வேண்டுமென்றே பழையதாக்கிய ஹாப்ஸைத்தான் தேடிப் போடுகிறார்கள். கசப்பு குறைந்தாலும், பீரைக் கெடாமல் காக்கும் குணம் அதில் மிஞ்சியிருக்கிறது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: விற்பவர் ஆண்டை மறைப்பதில்லை. வாங்குபவர் அதைத் தெரிந்தே, அதற்கேற்ற வேலைக்குப் பயன்படுத்துகிறார்.

நாமோ சில சமயம் சென்ற ஆண்டு மல்லியைப் புது மல்லியில் கலந்து புது விலைக்கே தள்ளுகிறோம். அன்றைக்கு லாபம்தான். ஆனால் குழம்பு கொதிக்கும்போது வாடிக்கையாளர் வீட்டில் விஷயம் தெரிந்துவிடும். அடுத்த மாதச் சிட்டை வேறு கடைக்குப் போகும். மூட்டை வந்த மாதத்தை அதன் மேலேயே எழுதுவோம். முதலில் வந்ததை முதலில் தள்ளுவோம். பழையதைத் தனியே வைத்து, பழையது என்று சொல்லி, விலை குறைத்துக் கொடுப்போம். பூஞ்சை பிடித்ததும் காலாவதியானதும் இந்தக் கணக்கில் சேராது. அவற்றை எந்த விலைக்கும் விற்கலாகாது.

சொல்லி விற்ற பழைய சரக்கால் எந்தக் கடைக்கும் கெட்ட பெயர் வந்ததில்லை.